ஜோ மார்ச்: ஒரு கதைத்தலைவியின் வரலாறு

ஆங்கில நாவல்களை மாணவர்க்கு அறிமுகப்படுத்தும்போது, லூயிசா மே ஆல்காட் அம்மையாரின் 'லிட்டில் விமன்' நூலை நல்லொழுக்கம் கற்பிக்கும் குடும்பக் கதை என்ற அளவிலேயே நாம் நிறுத்திவிடுகிறோம். நான்கு சகோதரியர், அன்பான அன்னை, உள்நாட்டுப் போருக்குச் சென்ற தந்தை ஆகியோரே நம் கண்ணில் படுகின்றனர். ஆனால், அந்நூல் எழுந்த வரலாற்றை அறிந்தோர்க்கு, பதினைந்து வயது ஜோ தன்னைத் தேடும் முயற்சி கதைக்குள் மட்டும் நிகழவில்லை என்பது புலனாகும். அவள் யாராக வேண்டும் என்னும் வழக்கு, நூலாசிரியைக்கும் வாசகர்க்கும் இடையிலும் நடந்தது.

பாஸ்டன் நகரின் ராபர்ட்ஸ் பிரதர்ஸ் பதிப்பகத்தைச் சேர்ந்த தாமஸ் நைல்ஸ், சிறுமியர்க்கு ஒரு கதை எழுதித் தருமாறு ஆல்காட்டைக் கேட்டார். அவருக்கு அதில் விருப்பமில்லை. தம் சகோதரியரைத் தவிர வேறு சிறுமியரை அவர் அதிகம் அறிந்தவரும் அல்லர். எனினும், தத்துவ ஈடுபாடு மிகுந்து பொருளீட்டத் தவறிய தந்தையின் குடும்பம் அவரது பேனாவையே நம்பியிருந்தது. ஆகவே, 1868ஆம் ஆண்டில் கான்கார்டு ஊரில் தம் இல்லத்திலிருந்தே முதற்பாகத்தை எழுதி முடித்தார். ஜோவின் உருவில் தம்மையே வரைந்தார்.

ஜோ எத்தகையவள்? சீழ்க்கை அடிப்பாள், ஆணாகப் பிறக்கவில்லையே என்று வருந்துவாள், பரணில் ஒதுங்கிக் கதை எழுதுவாள். நோயுற்ற தந்தையைக் காண அன்னை வாஷிங்டனுக்குச் செல்ல நேர்ந்தபோது, தன் கூந்தலை 25 டாலருக்கு விற்றுவிட்டு வந்து நிற்கிறாள். வீட்டார் முன் வீரம் பேசியவள், அன்றிரவு அக்கூந்தலுக்காக அடக்கிக்கொண்டு அழுகிறாள். என்னைக் கேட்டால், நாவலின் உயிர் இவ்விடத்தில்தான் இருக்கிறது. பெண்ணுக்கு அழகு என்று உலகம் சொன்னதை உதறத் துணிந்தவளும் அவளே. உதறியதற்காக வருந்துபவளும் அவளே.

முதற்பாகம் ஜோவுக்கு மணம் எதுவும் பேசாமலே முடிந்தது. நூல் விரைந்து விற்றது. சிறுமியரிடமிருந்து கடிதங்கள் வந்தன. இவர்கள் யாரை மணப்பர் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அடுத்த வீட்டு இளைஞன் லாரிக்கே ஜோ மனைவியாக வேண்டும் என்பது பலரின் விருப்பம். பெண்ணின் வாழ்வுக்குத் திருமணம் ஒன்றுதான் குறிக்கோளா என்று ஆல்காட் தம் நாட்குறிப்பில் சினந்து எழுதினார். எவரையும் மகிழ்விப்பதற்காக ஜோவை லாரிக்கு மணமுடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். ஜோ மணமாகாத எழுத்தாளராகவே இருந்திருக்க வேண்டும் என்பது அவரது உள்ளக்கிடக்கை. ஆயினும், 1869இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில், வயதில் மூத்த ஏழை ஜெர்மானியப் பேராசிரியர் பேயர் ஜோவின் கணவராகிறார். இதனைச் சமரசம் எனலாம். வாசகர்க்குக் குறும்பாகத் தந்த மறுமொழி என்றும் கூறலாம். பிரிட்டனில் அப்பாகம் 'நல்ல மனைவியர்' எனப் பொருள்படும் 'குட் வைவ்ஸ்' என்னும் பெயரில் தனி நூலாக விற்கப்பட்டது. அப்பெயர் ஆல்காட் இட்டதன்று.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. பரபரப்புக் கதைகள் எழுதிப் பணம் ஈட்டும் ஜோ, பேராசிரியரின் கண்டிப்பான சொற்களைக் கேட்டபின் வெட்கமுற்று அவற்றை அடுப்பில் இடுகிறாள். ஆனால், ஆல்காட் அம்மையார் ஏ. எம். பர்னார்ட் என்ற புனைபெயரில் அத்தகைய கதைகளையே எழுதி வீட்டுச் செலவுக்குப் பொருள் தேடியவர். இவ்வுண்மை ஆய்வாளரால் 1943இல்தான் வெளிப்பட்டது. கதைத்தலைவி எரித்தவற்றை ஆசிரியை எரிக்கவில்லை. கதைத்தலைவி மணந்தாள், ஆசிரியை இறுதிவரை மணம் புரியவில்லை.

1886இல் வெளிவந்த 'ஜோஸ் பாய்ஸ்' இவ்வரிசையின் இறுதி நூல். அதில் ஜோ புகழ்பெற்ற எழுத்தாளர். கையொப்பம் கேட்டு வருவோரின் தொல்லைக்கு அஞ்சி ஒளிகிறாள். அவள் நடத்திய பள்ளியில் அடங்காச் சிறுமியாக வளர்ந்த நேன் என்பவள், தன்னை விரும்பிய டாமியை மறுத்துவிட்டு மருத்துவம் பயில்கிறாள். அவளுக்கு மணம் முடிக்கவில்லை ஆல்காட். கடைசி அத்தியாயம்வரை அவள் தனித்தே வாழ்ந்து தன் தொழிலைச் செய்கிறாள்.