கோச்சி ஏறாத பிள்ளை

மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்றால் மூத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்டவர்கள் கோச்சியில் தலைமன்னார் சென்று, 'இராமானுஜம்' கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பத்திரிகைகளில் நாங்கள் இந்த எண்ணிக்கைகளைத்தான் திரும்பத் திரும்ப எழுதினோம். அந்தக் கப்பலோடு முறிந்த மணவாழ்வுகளைப் பற்றி எழுதியதாக எனக்கு நினைவில்லை.

பசறை வழியாக மடுல்சீமைக்குச் சென்றபோது ஓர் அம்மையாரைச் சந்தித்தேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். 1973இல் அவருக்கு ஏழு வயது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமை பெற்ற குடும்பம் தாயுடையது. தந்தையோ இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தவர். லயத்தில் பல மாதங்கள் நாளும் சண்டை. முடிவில் மகன் தந்தையோடு, மகள் தாயோடு என்றானது. கோவிலில் நடந்த திருமணம், பதிவில்லை. ஆகவே விவாகரத்து வழக்கும் இல்லை. வேண்டுமென்றே கைவிட்டுச் செல்வது இலங்கைச் சட்டத்தில் மணமுறிவுக்குரிய காரணம்தான். ஆனால் கொழுந்து பறிக்கும் பெண் எந்த நீதிமன்றத்தின் படியேறுவாள்?

"பாஸ்போட்டுக்குப் படம் புடிக்க பதுளைக்குப் போனாங்க தம்பி. எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. அண்ணன மட்டும் கூட்டிக்கிட்டுப் போனாரு. படத்துல இல்லாததாலதான் அப்பா என்னைய விட்டுட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன்" என்றார். யாரிடமும் கேட்கவில்லையா என்றேன். கேட்டால் அம்மா அழுவார் என்று கேட்கவில்லையாம்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1971இல், கலிபோர்னியாவில் ஜூடித் வாலர்ஸ்டீன் என்னும் உளவியலாளர், பெற்றோர் பிரிந்த 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளை ஆராயத் தொடங்கினார். சிறு பிள்ளைகள் பிரிவுக்குத் தம்மையே குற்றவாளியாக்கிக் கொள்வதையும், சற்று வளர்ந்தவர்கள் கடுங்கோபம் கொள்வதையும், பெற்றோர் மீண்டும் சேர்வார்கள் என்று பல்லாண்டு காத்திருப்பதையும் அவர் பதிவு செய்தார். மடுல்சீமைச் சிறுமிக்கு இவை மூன்றும் நேர்ந்தன. கேட்பதற்குத்தான் ஆளில்லை. பெரட்டுக்களத்திற்கு விடியுமுன் போகும் தாய்க்கு அதற்கு ஏது பொழுது?

வியப்பு என்னவென்றால், அவருடைய கோபம் போனவர்மீது பாயவில்லை. உடனிருந்த தாயின்மீதே பாய்ந்தது. பதினான்கு வயதுவரை தாயோடு சரியாகப் பேசவில்லையாம். தந்தையின் கடிதங்கள் இரண்டாண்டுகள் வந்து நின்றுவிட்டன. கூடலூரில் அவருக்கு வேறு குடும்பம் அமைந்த செய்தி ஊர்க்காரர் வழியாகத்தான் வந்தது. அதன் பிறகும், 1984இல் கப்பல் நின்றுபோகும்வரை, அப்பா வருவார் என்றே நம்பியிருந்திருக்கிறார்.

போர் முடிந்த பின் அண்ணன் வந்தார். தாய் அப்போது இல்லை. கூடலூரில் சிற்றன்னையிடம் வளர்ந்த கதையையெல்லாம் சொல்லிவிட்டு, தங்கையிடம் அவர் கேட்டாராம்:

"ஒன்னையத்தான அம்மா வச்சுக்கிச்சு. என்னைய ஏன் வேணாம்னு அனுப்பிருச்சு?"