எம்டனுக்குப் பேர் இருக்கு, வாபிட்டிக்கு?

"அவன் சரியான எம்டன்டா!" இந்த வார்த்தை எங்கேயிருந்து வந்ததுன்னு நம்ம வலைப்பதிவு மக்கள் பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. சுட்டு முடிச்சதும் கப்பல் இருட்டுல காணாமப் போயிடுச்சு. ஹைகோர்ட் மதில் சுவரில் அதுக்கு ஒரு கல்வெட்டுகூட இருக்கு.

இந்தப் பதிவு எம்டனைப் பத்தி இல்லீங்க. அடுத்த சண்டையில் இதே துறைமுகத்துக்குக் காவல் நின்ற ஒரு விமானத்தைப் பத்தி. அடிச்சிட்டுப் போனவன் பேர் தமிழில் ஒரு சொல்லாவே ஆயிடுச்சு. காவல் நின்னவன் பேர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது இந்திய விமானப்படையிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்குவாட்ரன். அவ்வளவு நீளக் கடற்கரைக்கு அது எந்த மூலைக்கு? அதனால் தன்னார்வ ரிசர்வ் படையிலிருந்து 'கரையோரப் பாதுகாப்பு ஃப்ளைட்' என்று சின்னச் சின்ன அணிகளை அமைத்தார்கள். சென்னை, பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி, பிறகு விசாகப்பட்டினம். இதில் முதல் நம்பர் நம்ம சென்னைக்கு. வேலை என்னன்னா, கடல் மேல் பறந்து சுற்றிப் பார்க்கிறது. துறைமுகத்துக்கு வந்துபோகிற கப்பல்களுக்கு ஆபத்து ஏதும் இருக்கான்னு கண்காணிக்கிறது.

அதுக்குக் கொடுத்த விமானம்தான் வெஸ்ட்லண்ட் வாபிட்டி. வாபிட்டி என்றால் வட அமெரிக்காவில் இருக்கிற ஒரு பெரிய மான். பேரு கம்பீரம்தான், ஆனா வண்டி பழசு. 1927இல் முதன்முதலாகப் பறந்த இரட்டை இறக்கை விமானம் அது. அதுவும் முழுப் புதுசு கிடையாது. முதல் உலகப்போர் முடிந்தபோது டி.எச்.9ஏ என்ற விமானத்தின் உதிரி பாகங்கள் கிடங்குகளில் மலை மாதிரி குவிந்து கிடந்தன. அதுல முடிஞ்ச வரைக்கும் எடுத்துப் பயன்படுத்துங்கப்பான்னு பிரிட்டிஷ் அரசு சொல்ல, அந்த இறக்கையை வச்சே வாபிட்டியைப் போட்டாங்க. ஆக 1940இல் சென்னைக் கடலுக்குக் காவல், 1918ஆம் வருஷத்து இறக்கை அமைப்பு! பைலட்டுக்கும், பின்னால் துப்பாக்கியோடு உட்காருகிறவருக்கும் தலைக்கு மேல் கூரை கிடையாது. வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் தகவலாக மனசுல நிக்கும். மாடல் செஞ்சு பார்த்தால்தான் உறைக்கும். 1970களில் ஃப்ராக் என்ற பிரிட்டிஷ் கம்பெனி இந்த வாபிட்டிக்கு 72இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் கிட் போட்டது. நிஜ விமானத்தின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 14 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. மாடலில் அது இருபது சென்டிமீட்டர்கூட வராது. ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் பெரிய மேட்டர் இல்லை. கம்பி கட்டுறதுலதான் இருக்கு ஆட்டமே. அதுக்கு ரிக்கிங்னு பேர்.

கம்பி எதுக்குன்னு கேட்டீங்கன்னா, காத்தாடிக்கு சூத்திரக் கயிறு கட்டினவங்களுக்குச் சட்டுனு புரியும். காகிதத்துக்கும் குச்சிக்கும் தனியா பலம் கிடையாது. கயிறு சரியான இடத்தில் இழுத்துப் பிடிச்சாத்தான் அது காத்துல நிக்கும். வாபிட்டியும் அப்படித்தான். சட்டத்தின் மேல் துணி போர்த்தின இறக்கை, நடுவில் தூண்கள், குறுக்கே கம்பிகள். கீழே உடம்பிலிருந்து மேல் இறக்கையின் வெளிப்பக்கம் போகிற கம்பிக்குப் 'பறக்கும் கம்பி'ன்னு பேர். காற்று இறக்கையை மேலே தூக்கும்போது பிய்த்துக்கொண்டு போகாமல் பிடிப்பது அதுதான். மேலே நடுவிலிருந்து கீழ் இறக்கையின் வெளிப்பக்கம் போவது 'இறங்கும் கம்பி'. விமானம் தரையில் நிற்கும்போது இறக்கை தன் பாரத்திலேயே தொங்கிவிடாமல் அது தாங்கும். முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவில் பெருக்கல் குறி மாதிரி இன்னொரு ஜோடி. இறக்கை முறுக்கிக்காம பாத்துக்கும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஜோடித் தூண்கள் என்பதால் கம்பி கணக்கு எகிறிடும்.

சின்ன அளவில் இதை எப்படிக் கட்டுறது? ஆறு மில்லிமீட்டர் கம்பியை 72ஆல் வகுத்தால் 0.08 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட தலைமுடி கனம்! காசிமேட்டில் தூண்டில் நரம்பு விற்கிற கடையில் இருப்பதிலேயே மெல்லிசைக் கேட்டு வாங்கினால் ஓரளவு ஒத்துவரும். மேல் இறக்கையை ஒட்டுவதற்கு முன்பே ஊசி முனை அளவில் துளை போட்டு நரம்பை ஒட்டிவிட வேண்டும். தூண்கள் நின்று காய்ந்த பிறகு கீழ்த்துளை வழியாக நரம்பை இழுத்து, நுனியில் துணி கிளிப் ஒன்றைப் பாரத்துக்கு மாட்டித் தொங்கவிட்டு, ஒரு சொட்டு ஃபெவிக்விக். இடது பக்கம் ஒன்று கட்டினால் அடுத்தது வலது பக்கம். ஒரே பக்கமா இழுத்துக்கிட்டே போனா இறக்கை கோணிக்கும். கடைசியில் எங்கேயாவது தொய்வு இருந்தால் ஊதுபத்தியைக் கொளுத்திக் கிட்டே காட்டுங்க. சூட்டில் நரம்பு சுருங்கி விறைப்பாகிடும். பட்டுட்டா அறுந்துடும், சாமி கும்பிட்டுட்டு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும் :-)

நிஜ விமானத்திலும் இதே கதைதான். கம்பியை ஒரேயடியாக முறுக்கிவிட முடியாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். கொத்தனார் மாதிரி தூக்குக்குண்டு கட்டி, மட்டம் பார்த்து, கோணம் அளந்து சரி பண்ணுவாங்க. அந்த வேலைக்காரருக்குப் பேர் ரிக்கர். நம்ம எண்ணூர், மணலி கம்பெனிகளில் ரிக்கர் என்றால் செயின் பிளாக் மாட்டி மெஷினைத் தூக்கி வைப்பவர். அதே சொல், வேற தூக்கல்.

1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியபோதும் இருந்தது நான்கு வாபிட்டிகள்தான். ஆறு அதிகாரிகள், 19 'ஹவாய் சிப்பாய்கள்'. ஹவாய் என்றால் இந்தியில் வான்வழி. பைலட்டுகளைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்தப் பத்தொன்பது பேரைப் பற்றி அவ்வளவாகப் பேச்சே இல்லை. ஒரு கம்பி தளர்ந்திருந்தால் மேலே போனவர் கதி என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

சென்னையில் வாபிட்டிகள் ரொம்ப நாள் இல்லை. 1941இல் பெஷாவரில் இரண்டாவது ஸ்குவாட்ரனைத் தொடங்க விமானம் தேவைப்பட, நம்ம ஃப்ளைட்டிலிருந்த வாபிட்டிகளையும் எடுத்துக்கிட்டாங்க. பதிலுக்கு வந்தது அட்டலாண்டா. அது பயணிகளை ஏற்றிப் போவதற்காகச் செய்த விமானம்! 1942 ஏப்ரலில் ஜப்பான் படை கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திரிகோணமலை என்று வரிசையாகத் தாக்கியது. சென்னை கிட்டத்தட்ட காலியானது. கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் அன்று பயந்து ஓடியதைக் கிண்டல் பண்ணிச் சிலர் எழுதியிருக்காங்க. காவலுக்கு வானத்தில் என்ன இருந்தது என்று தெரிந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் கரையோர ஃப்ளைட்டுகளைக் கலைத்து, ஆட்களைப் புது ஸ்குவாட்ரன்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வாபிட்டியை இன்று பார்க்கணும்னா டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்குத்தான் போகணும். ராயபுரம் போகிற வழியில் கிளைவ் பேட்டரின்னு ஒரு பஸ் ஸ்டாப் இருக்கே, அங்கிருந்த பீரங்கிக்குக்கூடப் பேராவது மிஞ்சியது. துணி இறக்கையோடு கடல் மேல் சுற்றியவர்களுக்கு அதுவும் இல்லை. உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது அந்தக் காலத்தில் கூரையில்லாத ரெட்டை இறக்கை விமானம் கடல் பக்கம் போனதைச் சொல்லியிருந்தால், மறந்து போறதுக்குள்ள எழுதி வையுங்க மக்களே. பின்னூட்டத்தில் சொன்னாலும் சரி.