எரியும் எண்ணெயே குளிர்விக்கும் எண்ணெய்

பெட்ரோலைச் சூடான இடத்தில் வைக்கக்கூடாது என்பது சின்ன வயதிலேயே நமக்குச் சொல்லித்தந்த பாடம். ஆனால் உலகின் மிக வேகமான விமானங்களைக் கட்டியவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். எங்கெல்லாம் சூடு அதிகமோ, அங்கெல்லாம் எரிபொருளைக் கொண்டுபோய்ச் சுற்றவிட்டார்கள். ஏன் இந்த விபரீத வேலை?

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும் இல்லையா? அதே சங்கதிதான். அசுர வேகத்தில் வரும் விமானத்துக்கு விலகி வழிவிடக் காற்றுக்கு நேரமில்லை. நசுங்குகிறது, சூடாகிறது. 80,000 அடி உயரத்தில் வெளியே மைனஸ் 50 டிகிரி குளிர். ஆனால் ஒலியைப்போல 3.2 மடங்கு வேகத்தில் போனால், மூக்கில் மோதி நிற்கும் காற்றின் வெப்பம் கணக்குப்படி 400 டிகிரி செல்சியஸ்! காரில் ரேடியேட்டர் வைப்பதுபோல வெளிக்காற்றை வைத்துக் குளிர்விக்கவும் வழியில்லை. அந்தக் காற்றுதானே அடுப்பாக இருக்கிறது.

1960 மே 1 அன்று அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தை சோவியத் யூனியன் சுட்டு வீழ்த்தியது. விமானி கேரி பவர்ஸ் உயிரோடு பிடிபட்டார். உயரமாகப் பறந்தால் மட்டும் தப்பிக்க முடியாது, வேகமும் வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்துபோனது. லாக்ஹீட் நிறுவனத்தின் கெல்லி ஜான்சன் குழு அதற்கு முன்பே அப்படியொரு விமானத்தில் இறங்கியிருந்தது. 1962-ல் ஏ-12 பறந்தது. அதன் தம்பியான எஸ்.ஆர்-71 ‘பிளாக்பேர்ட்’ 1964 டிசம்பர் 22-ல் முதன்முதலாகப் பறந்தது.

அந்தச் சூட்டில் அலுமினியம் வலுவிழந்துவிடும் என்பதால் உடம்பை டைட்டானியத்தில் செய்தார்கள். (வேடிக்கை என்னவென்றால், அந்த டைட்டானியத்தில் கணிசமான பங்கு இடைத்தரகர்கள் வழியாக சோவியத் யூனியனிலிருந்தே வாங்கப்பட்டது!) உடம்பு தாங்கிவிடும், சரி. உள்ளே இருக்கும் இரண்டு மனிதர்கள்? ஹைட்ராலிக் திரவம்? என்ஜின் ஆயில்?

விமானத்துக்குள் குளிர்ச்சியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். டேங்குகளில் இருந்த சுமார் 36 டன் எரிபொருள். குழுவில் வெப்பக் கணக்குகளைப் பார்த்துவந்தவர்களில் ஒருவர் பென் ரிச். பிற்பாடு அந்தக் குழுவுக்கே தலைவரானவர். கறுப்பு வண்ணம் பூசினால் உடம்பின் சூடு வேகமாக வெளியேறும் என்று யோசனை சொன்னவரும் இவரே. எரிபொருள் முதலில் விமானி அறையின் ஏ.சி., ஹைட்ராலிக், என்ஜின் ஆயில் என ஒவ்வொன்றின் சூட்டையும் வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் என்ஜினுக்குள் எரியப்போகும்.

சாதாரண விமான எண்ணெய் இந்தச் சூட்டுக்கு ஆவியாகி ஆபத்தாகிவிடும். அதனால் ஜே.பி-7 என்ற தனி எண்ணெயை உருவாக்கினார்கள். மண்ணெண்ணெய் வகைதான், ஆனால் படுமந்தம். எரியும் தீக்குச்சியைப் போட்டால் குச்சி அணைந்துவிடும்! என்ஜினைப் பற்றவைக்க, காற்று பட்டாலே எரியும் ட்ரை-எத்தில் போரேன் என்ற ரசாயனத்தைத் தெளித்தார்கள். பச்சை நிறத்தில் ஒரு மின்னல் அடிக்கும். ஊரில் பம்ப் ஸ்டவ் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் சட்டென்று விளங்கும். அதிலும் பர்னரை முதலில் வேறு தீ வைத்துச் சூடேற்றவேண்டும். பிறகு, எரியும் பர்னரின் சூட்டை வாங்கிக்கொண்டுதான் எண்ணெய் எரிய வரும்.

இதற்கு விலையும் இருந்தது. சூட்டில் உடம்பு விரியும் என்பதால் தரையில் நிற்கும்போது டேங்குகளிலிருந்து எண்ணெய் ஒழுகும். பறக்கப் பறக்க எண்ணெய் குறையும்; எண்ணெய் குறையக் குறைய சூட்டை வாங்கிக்கொள்ளும் திறனும் குறையும். மொத்தம் கட்டிய 32-ல் 12 விமானங்கள் விபத்துகளில் போயின. எதிரியால் ஒன்றைக்கூட வீழ்த்த முடியவில்லை. கடைசி விமானம் நாசாவுக்காக 1999-ல் பறந்தது.

1976 முதல் 2003 வரை பயணிகளைச் சுமந்த கான்கார்டும் ஏ.சி.யின் சூட்டை எரிபொருளில்தான் இறக்கியது. ராக்கெட்காரர்களுக்கு இது இன்னும் பழசு. ஜெர்மனியின் வி-2 ராக்கெட் தன் ஆல்கஹாலாலேயே என்ஜின் சுவரைக் குளிர்வித்தது. நம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் சி.இ-20 கிரையோஜெனிக் என்ஜினில் அந்த வேலையைத் திரவ ஹைட்ரஜன் செய்கிறது.

மாக் 5-க்கு மேலே போகும் ஸ்கிராம்ஜெட்டில் எண்ணெய் வெறுமனே சூடாவது போதாது. சுவருக்குள் ஓடும்போதே அதன் மூலக்கூறுகள் உடையவேண்டும். அப்படி உடைவதற்கே நிறைய வெப்பத்தை விழுங்கிவிடும். உடைந்த துண்டுகள் சுலபமாகவும் எரியும். அமெரிக்காவின் எக்ஸ்-51ஏ 2013 மே 1-ல் இப்படித்தான் மாக் 5.1-ல் பறந்தது. எரிபொருள்? அதே பழைய ஜே.பி-7!

இந்தியா 2020 செப்டம்பர் 7-ல், ஒடிசா கடற்கரையோரம் உள்ள அப்துல் கலாம் தீவிலிருந்து ஏவிய வாகனத்தில் ஸ்கிராம்ஜெட்டை 20 விநாடிகளுக்கு மேல் ஓட்டியது. 2025 ஏப்ரல் 25-ல், நாங்கள் பிழைக்க வந்த இதே ஹைதராபாத்தில், கலாம் 1980களில் தலைமை வகித்த டி.ஆர்.டி.எல். ஆய்வகம், குளிர்விக்கப்பட்ட ஸ்கிராம்ஜெட் எரியறையைத் தரைச் சோதனையில் 1,000 விநாடிகளுக்கு மேல் எரியவிட்டது. மாக் 6-ல் அவ்வளவு நேரம் பறந்தால் இங்கிருந்து டெல்லியைத் தாண்டிவிடலாம். இப்போதைக்கு இது ஏவுகணைக்கான வேலை என்பதையும் சொல்லிவிடவேண்டும். நம்மை ஊருக்குக் கூட்டிப்போகும் விமானம் இந்த வேகத்துக்கு வர இன்னும் வெகுகாலம் ஆகும். அதுவரை ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்!