1949: இரண்டு கார்கள், இரண்டு டிஸ்க் பிரேக்குகள்

அமெரிக்கக் கார்களில் டிஸ்க் பிரேக் என்றதும் 1965-ஆம் ஆண்டு கார்வெட்டைத்தான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அது மறுபிரவேசம். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே அந்நாட்டின் பெரும் பணக்காரர்கள் வாங்கும் கார் ஒன்றிலும், மிக மலிவான கார் ஒன்றிலும் டிஸ்க் பிரேக் இருந்தது.

மலிவானது கிராஸ்லி ஹாட்ஷாட். ரேடியோ விற்றுச் செல்வந்தரான சின்சினாட்டிக்காரர் பவல் கிராஸ்லியின் தயாரிப்பு. கதவுகூட இல்லாத குட்டி ஸ்போர்ட்ஸ் கார், விலை 849 டாலர். விமானச் சக்கரங்களுக்காக உருவான குட்இயர்-ஹாலி பிரேக்கை அதில் பொருத்தினார்கள். சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் பேட்கள் கவ்வின. காரும் நன்றாகவே நின்றது, குளிர்காலம் வரும்வரை. பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு விமானச் சக்கரத்துக்குத் தெரியாத எதிரி. உப்பு நீர் பட்டுப் பாகங்கள் துருவேறி இறுகிக்கொண்டன. அடுத்த ஆண்டே கிராஸ்லி டிரம் பிரேக்குக்குத் திரும்பிவிட்டார்.

கிரைஸ்லரின் கிரவுன் இம்பீரியல் கதை வேறு. இரண்டு டன்னைத் தாண்டும் கார். மலைச்சரிவில் இறங்கும்போது டிரம் சூடேறி விரிய, பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். இதற்கு மாற்றாக வந்ததுதான் ஆஸ்கோ-லாம்பர்ட் பிரேக். வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் டிரம் போலத்தான் தெரியும். மூடிய வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் இரண்டு தட்டுகள். மிதித்ததும் அவை விலகி, சுழலும் கூட்டின் உட்சுவர்களில் அழுந்தும். தட்டுகளுக்கு நடுவே சரிவான பள்ளங்களில் எஃகுக் குண்டுகள். உரசும் தட்டு சற்றே இழுபட, குண்டுகள் சரிவில் ஏறித் தட்டுகளை இன்னும் பலமாகத் தள்ளும். கார் ஓடும் வேகமே பிரேக்குக்குப் பலம் கொடுத்தது. கெட்டிக்கார வேலைதான், ஆனால் செலவு பிடித்த வேலை. கிரைஸ்லரின் வேறு சில கார்களில் இதைக் கேட்டு வாங்க ஏறத்தாழ 400 டாலர் கூடுதல். ஹாட்ஷாட் விலையில் கிட்டத்தட்டப் பாதி! 1950-களின் நடுவில் இதுவும் ஓய்ந்தது.

அதற்குள் ஐரோப்பா முந்திவிட்டது. 1953-இல் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு ஜாகுவார் லே மான்ஸ் பந்தயத்தை வென்றது. அந்த டன்லப் வடிவமைப்பையே பெண்டிக்ஸ் தயாரித்துக் கொடுக்க, ஸ்டூடிபேக்கர் அவான்டி 1963 மாடலில் முன்சக்கரங்களுக்குப் பொருத்தியது.

பிறகுதான் கார்வெட், நான்கு சக்கரங்களிலும். அப்போதும் டிரம் பிரேக்கே போதும் என்பவருக்கு 64.50 டாலர் தள்ளுபடி உண்டு. 316 பேர் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள்.