தெய்வம் பகையான வரலாறு

ஜப்பானிய மொழியில் ஓநாய்க்கு 'ஓகாமி' என்று பெயர். அச்சொல்லைச் செவியால் மட்டும் கேட்பவர்க்குப் 'பெருந்தெய்வம்' என்னும் பொருளும் உடன் தோன்றும். இன்று அந்நாட்டில் சொல் இருக்கிறது. அச்சொல்லுக்குரிய விலங்கு இல்லை. ஹொன்ஷு, ஷிகொகு, கியூஷு தீவுகளில் வாழ்ந்த சிற்றுடல் ஓநாயும், வடக்கே ஹொக்கைடோவில் வாழ்ந்த பேருடல் ஓநாயும் அற்றுப்போய் நூறாண்டுகளுக்கு மேல் ஆகின்றன. தாம் வணங்கிய விலங்கை ஒரு நாட்டு மக்கள் தாமே ஒழிக்க நேர்ந்தது எவ்வாறு? விலங்கியலார் மட்டும் விடை காண வேண்டிய வினா அன்று இது.

அவ்வணக்கத்தின் வேர் உழவில் இருந்தது. மலைச்சரிவில் பயிரிட்ட உழவர்க்குக் காட்டுப்பன்றியும் மானுமே பெரும்பகை. அவற்றை வேட்டையாடிய ஓநாய், கூலி கேளாத காவலனாய் அமைந்தது. சிச்சிபு மலைப்பகுதியிலுள்ள மிட்சுமினே கோயிலில் ஓநாயின் உருவம் பொறித்த காப்புச் சீட்டுகளைப் பெற்று வந்து வீட்டிலும் வயலிலும் வைத்தனர். ஓநாய் குட்டி ஈன்றதென்று அறிந்தால், சிவப்புப் பயறு கலந்த சோற்றை அதன் குகையருகே படைத்து வரும் வழக்கமும் சில ஊர்களில் இருந்தது. ஹொக்கைடோவின் தொல்குடியினரான ஐனு மக்களோ அதனை 'ஊளையிடும் தெய்வம்' என்றே அழைத்தனர்.

இதனை மாசற்ற பொற்காலமாக எண்ணுதல் பிழையாகும். 1730களில் வெறிநோய் பரவியபின் ஓநாய்கள் மனிதரைத் தாக்கின; அச்சம் பெருகிற்று. குதிரை வளர்ப்பில் பெயர்பெற்ற வடகிழக்கு மொரியோக்காவில் சிற்றரசின் ஆட்சியினரே ஓநாயைக் கொன்றவர்க்குப் பரிசு அளித்தனர். ஆயினும், அவ்வேட்டை ஊறு நேர்ந்த இடத்தைச் சார்ந்தது. நாடு தழுவிய கொள்கையாக அது வளரவில்லை. அஞ்சுதலும் வணங்குதலும் ஒரே நெஞ்சில் அருகருகே இருந்தன.

1868இல் மெய்ஜி ஆட்சி தோன்றியதும் நிலைமை மாறிற்று. மேலைநாடுகளுக்கு நிகராக உயர விரும்பிய அரசு, 1869இல் ஹொக்கைடோவுக்கெனக் குடியேற்ற வளர்ச்சித் துறை ஒன்றை நிறுவியது. அதற்கு வழிகாட்ட அமெரிக்க வேளாண்மைத் துறைத் தலைவராயிருந்த ஹொரேஸ் கேப்ரன் 1871இல் வந்தார். ஒஹையோவைச் சேர்ந்த எட்வின் டன் 1873இல் வந்து சேர்ந்தார். நெல்லுக்குப் பதிலாகக் கால்நடையும், வயலுக்குப் பதிலாக மேய்ச்சல் நிலமும் அவர்கள் வகுத்த திட்டத்தின் அடிப்படை. நீகாப்பு குதிரைப் பண்ணையில் ஓநாய்கள் குட்டிகளைக் கொன்றபோது, டன் தம் நாட்டு மேய்ச்சல் நிலங்களில் வழங்கிய முறையையே கையாண்டார். ஸ்ட்ரிக்னின் நஞ்சு பெருமளவில் தருவிக்கப்பட்டு, இறைச்சியில் தடவிக் காடெங்கும் இடப்பட்டது. ஓநாயோடு நரியும் நாயும் மாண்டன. பின்னர் அரசு பரிசுப்பணமும் அறிவித்தது. அத்திட்டம் 1888இல் முடிவதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓநாய்கள் கொல்லப்பட்டன.

ஓநாய் குதிரையை நாடியது ஏன் என்பதையும் கேட்க வேண்டும். அதன் இயல்பான இரை மான். குடியேறியோர் தோலுக்கும் கொம்புக்கும் இறைச்சிக்குமாக மான்களைக் கொன்று குவித்தனர். 1878இல் பிபி என்னுமிடத்தில் மானிறைச்சியைத் தகரப் பெட்டியில் அடைக்கும் ஆலையை அரசே திறந்தது. 1879இன் கடும்பனியில் எஞ்சிய மான்களும் பெருந்தொகையாய் மடிந்தன. இரையைப் பறித்துவிட்டுப் பசித்த விலங்கின்மேல் குற்றம் சாட்டுவது எளிதாயிருந்தது.

இவ்விடத்தில் இரு நஞ்சுகளை ஒப்பிட்டு நோக்கலாம். ஐனு வேட்டுவர் நாபிக் கிழங்கின் நஞ்சை அம்பில் தோய்த்து மான் வேட்டையாடி வாழ்ந்தவர்கள். 1876இல் அந்நச்சம்பை அரசு தடை செய்தது. அதே காலத்தில் அதே அரசு ஸ்ட்ரிக்னினைக் காட்டில் இறைக்கத் துணை நின்றது. ஸ்ட்ரிக்னின் தமிழர்க்கு அயலானதன்று. ஈயாதவன் செல்வத்துக்கு உவமையாக நாம் கூறும் எட்டியின் விதையில் உள்ள நஞ்சே அது. உணவு தேடியவன் கையில் இருந்த நஞ்சு குற்றமாயிற்று; பண்ணையைக் காக்க இட்ட நஞ்சு முன்னேற்றமாயிற்று. வாழ்வு குலைந்த ஐனு வேட்டுவர் சிலர், தம் தெய்வத்தைக் கொன்று பரிசுப்பணம் பெறும் நிலைக்கும் தள்ளப்பட்டனர். ஓநாய் ஒழிப்பும் ஐனு மக்களின் நிலப்பறிப்பும் ஒரே ஆட்சியின் இரு கைகள்.

தெற்கே முடிவு அமைதியாக வந்தது. 1905 ஜனவரியில், லண்டனுக்காக விலங்குகளைச் சேகரித்து வந்த அமெரிக்கர் மால்கம் ஆண்டர்சன், நாரா மாவட்டத்தின் வஷிகாகுச்சி என்ற ஊரில் தங்கியிருந்தார். வேட்டைக்காரர்கள் ஓர் ஆண் ஓநாயின் உடலைக் கொண்டுவந்தனர். பேரம் பேசி 8 யென் 50 சென்னுக்கு விலை முடிந்தது. உறுதியாக அறியப்பட்ட கடைசி ஜப்பானிய ஓநாய் அதுவே. அதன் தோலும் மண்டையோடும் லண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தில் உள்ளன. வாங்கியவரோ விற்றவரோ அதன் அருமையை அன்று அறிந்திலர். 1987இல் அவ்வூர்ப் பகுதியில் ஓநாய்க்குச் சிலை எழுப்பப்பட்டது.

ஓநாய் அற்ற காட்டில், வேட்டைக் கட்டுப்பாட்டினால் மீண்ட மான் பின்னாளில் பெருகிற்று. கன்றுகளையும் மரப்பட்டைகளையும் அது தின்பதால் மலைக்காடுகள் நலிகின்றன. மான், பன்றி ஆகியவற்றின் தொகையைப் பத்தாண்டில் பாதியாக்குவது என 2013இல் அரசு இலக்கு வகுத்தது. அவ்விலக்கு உரிய காலத்தில் நிறைவேறாமல் பின்னர் நீட்டிக்கப்பட்டது. துப்பாக்கி ஏந்தும் வேட்டைக்காரர்க்கோ வயது ஏறிக்கொண்டிருக்கிறது. அயல்நாட்டு ஓநாய்களைக் கொணர்ந்து விடவேண்டும் என்று, 1993இல் தோன்றிய ஜப்பான் ஓநாய்ச் சங்கம் வாதிடுகிறது. மாடு வளர்ப்போரும் மலையூர் மக்களும் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இழப்பு நேருமாயின் அது நகரில் இருந்து வாதிடுவோர்க்கு அன்று, அவர்களுக்கே நேரும். ஐனு மக்களைக் கேளாமல் ஒழித்தது போலவே, மலையூராரைக் கேளாமல் ஓநாயை மீட்பதும் ஒரு வன்முறையாகவே முடியும்.

ஓநாய் எக்காலத்தும் ஓநாயாகவே வாழ்ந்தது. பயிரின் பக்கம் நின்று கண்டவர்க்குத் தெய்வமாகவும், பண்ணையின் பக்கம் நின்று கண்டவர்க்குப் பகையாகவும் அது தோன்றிற்று. பெயர் சூட்டும் உரிமை கைமாறியபோது அதன் விதியும் மாறிற்று. மிட்சுமினே கோயில் வாயிலில் இன்றும் கல் ஓநாய்கள் காவல் நிற்கின்றன. காப்புச் சீட்டுகளும் வழங்கப்படுகின்றன. மலையடிவார வயல்களைச் சுற்றியோ மின்வேலிகள் போடப்பட்டுள்ளன.