ஊசலின் கதை – 6: பஸேவியின் பித்தளைத் தண்டு

திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, எந்த மைல்கல்லும் காட்டாத 78ஆம் தீர்க்கரேகை ஓடுகிறது. அரை டன் தியோடலைட்டோடு லாம்டன் அதையொட்டித் தெற்கே நில அளவை செய்து போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். அறுபது ஆண்டு கழித்து அதே வரிசையில் இரண்டு பித்தளை ஊசல்கள் பயணப்பட்டன. கொண்டுபோனவர் கேப்டன் ஜேம்ஸ் பல்லாடியோ பஸேவி.

1865இல் தொடங்கிய வேலை அது. கூடங்குளம், கொங்கு நாட்டுப் பச்சாபாளையம், பெங்களூர், முசோரி என எங்கும் ஊசலாட்டம்தான். காற்றை உறிஞ்சிய உருளைக்குள் ஊசல் ஆடும். பின்னால் கடிகார ஊசல் ஆடும். இரண்டும் ஒத்துப்போகும் நொடியை அவர் தொலைநோக்கியில் பார்த்துக் குறித்துக்கொள்வார். நாளுக்குச் சுமார் 86,000 அலைவு. அதில் ஒன்றே ஒன்று குறைந்தால், அங்கே ஈர்ப்பு 43,000இல் ஒரு பங்கு குறைவு! வெயிலில் தண்டு நீண்டதா, வீச்சு சுருங்கியதா, எல்லாவற்றுக்கும் திருத்தக் கணக்கு வைத்திருந்தார்கள்.

அந்தக் கணக்கு பலித்ததற்குக் காரணம், சிறு வீச்சில் ஆடும் ஒற்றை ஊசல் பரம சாது. தொடக்கத்தில் மயிரிழை பிசகினால், கடைசிவரை பிசகு மயிரிழைதான். அதன் நுனியிலேயே இன்னோர் ஊசலைக் கோத்து, உயரத் தூக்கி விட்டுப் பாருங்கள். மறுபடியும் அதே உயரத்திலிருந்து விடுங்கள் (அதே உயரம் என்பது நம் நினைப்புதான்). முதல் சில ஆட்டம் ஒத்துப்போகும். பிறகு, போன தடவை குட்டிக்கரணம் போட்ட இடத்தில் இந்தத் தடவை தயங்கித் திரும்பும். பிசகு கந்துவட்டிபோல் குட்டி போட்டுவிட்டது. இத்தனைக்கும் நியூட்டன் விதி எதுவும் மீறப்படவில்லை.

பஸேவி இந்தப் பக்கமே வரவில்லை. லடாக்கின் மோரே சமவெளியில், 15,000 அடிக்கு மேல் ஊசலை ஆட்டி அளந்தவர், அடுத்த இடம் தேடிப் போகையில், 1871 ஜூலை 17 அன்று குளிருக்குப் பலியானார். வயது 39.

ஆட்டம் இப்போது வானத்துக்கு மாறுகிறது. ஒன்றையொன்று இழுக்கும் மூன்று பொருள்கள் எப்படி நகரும்? இந்தக் கேள்வியை ஆராய்ந்த கட்டுரைக்காக, 1889 ஜனவரியில் ஸ்வீடன் மன்னர் ஆஸ்கரின் பரிசு, 2,500 குரோனர், கணிதர் ஹென்றி புவான்காரேக்குக் கிடைத்தது. கட்டுரையை அச்சுக்குத் தயார்செய்த பிராக்மென் என்ற இளைஞர், ஓரிடம் விளங்கவில்லை என்றார். விளக்கம் எழுத உட்கார்ந்த புவான்காரேயின் கண்ணில் வேறோர் இடத்தில் பெரிய ஓட்டை பட்டது. இதற்குள் பிரதிகள் வெளியே போயிருந்தன! அவற்றைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட அவர் கைக்காசு 3,500 குரோனருக்கு மேல் போயிற்று.

அந்த ஓட்டைக்குள் என்ன இருந்தது?

(தொடரும்)