கரையோர எச்சரிக்கையும் அதன் மெய்ம்மையும்: ஒரு வரலாற்று நோக்கு

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த நிலநடுக்கத்திற்கும், கடல் பாசிக்குடா, கல்குடாக் கரைகளை மேவியதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் கரையிலிருந்த மக்களுக்கு எச்சரிக்கை எதுவும் வந்து சேரவில்லை. நாடு முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 'செய்தி ஏன் வரவில்லை?' என்ற வினாவே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்திற்கும், இந்து சமுத்திர எச்சரிக்கை வலையமைப்பிற்கும், கரையோர எச்சரிக்கைக் கோபுரங்களுக்கும் வழிகோலியது. அவ்வினாவோடு உடன்பிறந்த மற்றொன்றும் உண்டு: வந்த செய்தி மெய்யானதுதானா?

இவ்வினா வெறுங் கற்பனையன்று. 2017 ஏப்ரல் 7 நள்ளிரவுக்குச் சற்று முன்னர் அமெரிக்காவின் டலஸ் நகரில் 156 அபாயச் சங்குகள் ஒருங்கே முழங்கின. சூறாவளி எதுவும் வரவில்லை. யாரோ வானொலி அலை வழியாகப் போலிக் கட்டளை அனுப்பியிருந்தனர். சங்குகளுக்குக் கட்டளை விளங்கியது. கட்டளையிட்டவர் யாரென்று கேட்கும் ஆற்றல் இருக்கவில்லை.

அவ்வாற்றலைச் சிறு கருவிகளுக்கு அளிக்கும் வழியை ஆய்வாளர் அதற்கு நெடுநாள் முன்னரே கண்டிருந்தனர். 1999இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங் ஸ்டயானோவும் றொஸ் அன்டர்சனும் ஓர் உவமை கூறினர். முட்டையிலிருந்து வெளிவரும் வாத்துக்குஞ்சு தான் முதலிற் காண்பதையே தாயாகக் கொள்வதுபோல, புதிய கருவியும் தனக்கு முதலில் இரகசியத் திறவுகோலை வழங்குபவரையே தாயாக ஏற்று, அவருக்கு மட்டுமே பணிய வேண்டும் என்பது அவர்தம் கருத்து.

2001இல் கலிபோர்ணியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் ஏட்றியன் பெறிக்கும் அவருடைய சகாக்களும் பலருக்கு ஒருங்கே அனுப்பப்படும் செய்தியின் மெய்ம்மையை ஆராய்ந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட உணரி 512 பைட் நினைவகமே உடையது. அனுப்புபவர் ஒவ்வொரு செய்தியிலும் இன்னும் வெளியிடாத திறவுகோலால் முத்திரையிடுவார். சற்றுப் பின்னரே அத்திறவுகோலை வெளியிடுவார். கிடைத்த திறவுகோல் முன்னைய திறவுகோல்களின் சங்கிலியைச் சேர்ந்ததா எனக் கருவி சரிபார்க்கும். திறவுகோல் வெளிப்படும்போது அதன் காலம் கடந்துவிடுவதால் அதைக்கொண்டு எவரும் போலி செய்தல் இயலாது. இதற்குரிய விலை சிறு தாமதமே. இரண்டு மணி நேர அவகாசமுள்ள கரைக்கு அத்தாமதம் பெரிதன்று.

அறிவு இருந்தும் நடைமுறை ஏன் பின்தங்கியது? 2016இல் 'மிறாய்' என்னும் தீநிரல், தொழிற்சாலையிலேயே இடப்பட்ட அறுபது வரையான கடவுச்சொற்சோடிகளை மாறி மாறிப் பரீட்சித்தே கமராக்களையும் வழிப்படுத்திகளையும் கைப்பற்றியது. உச்ச நிலையில் ஏறத்தாழ 600,000 கருவிகள் அதன் வசமாயின. தாக்குண்டவர் வேறு, கருவியை விற்றவர் வேறு. இழப்பைத் தாங்காதவன் காவலுக்குச் செலவிடான் என்னும் பொருளியல் உண்மையை அன்டர்சன் 2001இலேயே எடுத்துரைத்திருந்தார். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லைத் தடைசெய்யும் பிரித்தானியச் சட்டம் 2024 ஏப்ரலிலேயே நடைமுறைக்கு வந்தது. சந்தை தானாகத் தராத பாதுகாப்பைச் சட்டமே கொணர வேண்டியிருந்தது.

2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரு நிலநடுக்கம் நேர்ந்தபோது, இலங்கைக் கரையோர மக்கள் எச்சரிக்கையை ஏற்று உள்நாட்டை நோக்கி நகர்ந்தனர். பேரலை வரவில்லை, எனினும் எச்சரிக்கை மெய்யான நிலநடுக்கத்தைப் பற்றியது. போலி முழக்கம் ஓரிரு முறை நிகழின், அடுத்த மெய்யான முழக்கத்திற்கு மீனவக் குடும்பங்கள் எழுந்து ஓடுமா? மக்களின் நம்பிக்கையும் கோபுரத்தைப் போலப் பொதுச் சொத்தே.

முறை பகைவன் கைக்குச் சென்றாலும் காவல் குலையக்கூடாது. திறவுகோல் மட்டுமே இரகசியமாக இருத்தல் வேண்டும் என 1883இல் கெர்க்கொப்ஸ் வகுத்தார். ஆகவே இத்தகைய கருவிகளின் அமைப்பை மூடிவைத்தல் பாதுகாப்பாகாது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் அவற்றைத் திறந்து சோதிக்கவும், கண்ட குறைகளைக் கரையோர மக்களுக்கு அறிவிக்கவும் உரிமை பெறுதல் வேண்டும். ஓடு என்று கட்டளையிடும் குரலைச் சோதித்தறியும் உரிமை, ஓட வேண்டியவர்களுக்கே முதலில் உரியது.